யாரை அவுட்டூ செய்தீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலக ஆண்டறிக்கையில், எங்கள் குழு சிறந்து விளங்கியது என்ற பொருளில் ‘தி டீம் அவுட்டிட் திஸ் இயர்’ என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி அதை அடித்துவிட்டு ‘எக்ஸெல்ட்’ என்று போட்டுவிட்டார். அகராதியைப் புரட்டினால் அவுட்டூ, எக்ஸெல், சர்பாஸ் மூன்றுக்குமே ‘விஞ்சு, மிஞ்சு’ என்றுதான் இருக்கிறது. அப்புறம் என்ன தப்பு? இன்னொன்று: அவுட் என்றால் வெளியே, டூ என்றால் செய். வெளியே செய்வது எப்படி விஞ்சுவது ஆயிற்று?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மேலதிகாரி திருத்தியது சரிதான். அகராதிப் பொருளை வைத்து இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது, வாக்கியத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அவுட்டூ என்பது செயப்படுபொருள் குன்றாவினை. யாரை, எதை என்ற கேள்விக்குப் பதில் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தமிழிலும் ‘எங்கள் குழு விஞ்சியது’ என்று நிறுத்தினால் ‘யாரை?’ என்று கேட்கத்தானே செய்வோம். எக்ஸெலுக்கு அந்தத் தேவை இல்லை. அது லத்தீனிலிருந்து வந்தது, ‘உயர்ந்து நிற்பது’ என்பது அதன் அடிப்பொருள். துறையைச் சொன்னால் போதும், தோற்றவரைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் எக்ஸெலும் ஆளைச் செயப்படுபொருளாக ஏற்றதுதான். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் நீதிமொழிகளில் ‘தௌ எக்ஸெலெஸ்ட் தெம் ஆல்’ (நீ அவர்கள் எல்லோரையும் விஞ்சுகிறாய்) என்று வருகிறது. இன்று அப்படி எழுதினால் பழம்புத்தக வாடை அடிக்கும்.

இனி அவுட். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சேர்க்கைக்கு நீங்கள் நினைக்கிற மாதிரி ‘வெளியே போடு’ என்றுதான் பொருள் இருந்தது. விஞ்சுதல் என்ற பொருள் 1600ஐ ஒட்டித்தான் நிலைபெறுகிறது. இங்கே அவுட் என்பதை ‘வெளியே’ என்று எடுக்காமல் ‘தாண்டி’ என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும். மற்றவர் நின்ற இடத்தைத் தாண்டிச் செய்வது.

இந்த முன்னொட்டு செய்யும் இலக்கண வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்லீப் ஒரு செயப்படுபொருள் குன்றியவினை. ஒருவரைத் தூங்க முடியாது. முன்னால் அவுட்டைச் சேர்த்து அவுட்ஸ்லீப் என்றால், அவரைவிட அதிக நேரம் தூங்கிக் காட்டலாம். லிவ் அப்படியே; அவுட்லிவ் என்றால் ஒருவர் காலத்துக்குப் பிறகும் வாழ்ந்திருப்பது. அவுட்நம்பர் என்றால் எண்ணிக்கையில் மிஞ்சுவது. அவுட்குரோவில் எதிராளி வெறும் சட்டையாகக்கூட இருக்கலாம், பத்தாமல் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டால் சரி.

ஒருவருக்கு எதிராளி அவரேயாகவும் இருக்கலாம் என்பது அடுத்த வேடிக்கை. ஷேக்ஸ்பியரின் ‘கோரியோலேனஸ்’ நாடகத்தில் வோலம்னியா தன் மகனின் போர்ச்செயலைப் பற்றிச் சொல்கிறாள்: இந்தப் போரில் தன் பழைய செயல்களையே இரு மடங்கு விஞ்சிவிட்டான். அங்கே வருவது அவுட்டூவின் இன்னொரு வடிவமான ‘அவுட்டன்’. அவனிடம் தோற்றது அவனுடைய பழைய வீரம். இன்று ‘ஷி அவுட்டிட் ஹெர்செல்ஃப்’ என்று சொல்வதும் இதே கணக்குதான். உங்கள் அறிக்கையில் அவுட்டூவே வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தால் ‘தி டீம் அவுட்டிட் இட்செல்ஃப்’ என்று எழுதலாம். ஆனால் அது கொஞ்சம் மார்தட்டுகிற தொனி. நானாக இருந்தால் எக்ஸெல்டையே விட்டுவிடுவேன்.

தொனி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சர்பாஸ் நிதானமான சொல்; ஃபிரெஞ்சு வழி வந்தது, எதிர்பார்ப்பை மிஞ்சியது என்பதற்குப் பொருந்தும். வரம்பு, வேகம், தொகை என்றால் எக்ஸீட். அவுட்டூவில் எப்போதும் ஒரு போட்டி வாடை உண்டு. தலைவரைப் புகழ்வதில் இருவர் ஒருவரையொருவர் அவுட்டூ செய்தார்கள் என்றால் எழுதியவர் சிரிக்கிறார் என்று அர்த்தம். நாம் ‘தூக்கிச் சாப்பிட்டுவிட்டான்’ என்போமே, அதற்கு ரொம்பப் பக்கம். ‘நாட் டு பி அவுட்டன்’ என்பதற்குத் ‘தானும் சளைத்தவனில்லை என்று’ என்பதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆள் பெயரோடுகூட இந்த அவுட் ஒட்டும். மத்தியகால இங்கிலாந்தின் சமய நாடகங்களில், பைபிளில் வரும் கொடுங்கோலனான ஏரோது மன்னன் (ஆங்கிலத்தில் ஹெரட்) வந்தாலே கூச்சல்தான். கோவென்ட்ரி நகரத்து நாடகம் ஒன்றின் மேடைக்குறிப்பு, ஏரோது மேடையிலும் தெருவிலும் வெறிகொண்டு கத்துவதாகவே சொல்கிறது. அதை மனதில் வைத்துத்தான் ஷேக்ஸ்பியரின் நாடக நாயகன் ஹாம்லெட், தொண்டை கிழியக் கத்தும் நடிகர்களைப் பற்றி ‘இட் அவுட்-ஹெரட்ஸ் ஹெரட்’ என்கிறான். ஏரோதையே மிஞ்சிய ஏரோதுத்தனம். அந்த அச்சில் யார் பெயரை வேண்டுமானாலும் வார்க்கலாம், ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு இணைகோடு மட்டும் போட்டுவிடுங்கள். அலுவலக அறிக்கையில் மட்டும் வேண்டாம்.