அப்பாவின் பழைய புல்லட்: நசுங்கிய டேங்க்கைச் சரிசெய்யலாமா, புதிது வாங்கலாமா?

அப்பா விட்டுச்சென்ற புல்லட்டின் டேங்க் நசுங்கி, உள்ளே துருவும் பிடித்திருக்கிறது என்கிறீர்கள். தகடு இற்றுப்போகவில்லை என்றால் அதையே காப்பாற்றுங்கள். அவர் கை பட்ட டேங்க் அது.

பெட்ரோலை வடித்துவிட்டால் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். காலி டேங்க்கில் தங்கும் ஆவிதான் வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவி, முடிந்தவரை தண்ணீர் நிரப்பிய பிறகே, நசுங்கலை இழுக்க வெல்டிங் வைக்க வேண்டும், அதுவும் அனுபவமுள்ள டிங்கரிங் ஆள்தான்.

காட்பாடியில் என் மாமா வண்டிக்குச் செய்தபோது, பள்ளத்தில் சின்னச் சின்னக் கம்பிகளைப் பற்றவைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல இழுத்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் மேஸ்திரி விரலால் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தப்பும் மேடு விரலுக்குத் தப்பாது.

உள்துருவுக்கு வினிகர் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, ஒரு கைப்பிடி நட்டு போட்டுக் குலுக்கினோம். அப்புறம் ஆப்பசோடா தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, உடனே ஆயில் சுழற்றினோம். தாமதித்தால் மறுநாளே துரு ஏறிவிடும்.

மிச்சமிருக்கும் பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டி வைக்கும் முன் கசிவு பாருங்கள். பட்டியும் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், வேலூர் வெயிலில் தடித்த பட்டி வெடிப்பு விடும்.