மொழியா, நாக்கா?

கேள்வி: செசன்யாவில் மொழியை 'மொத்த்' என்கிறார்களாம். நம் 'மொழி'தானே மலை ஏறிப் போயிருக்கிறது? (வாசகர், கரூர்)

பதில்: இல்லை. எங்கிருந்தும் எதுவும் மலை ஏறவில்லை. அந்தச் சொல்லின் சொந்தபந்தம் எல்லாம் செசன்யா இருக்கிற காக்கசஸ் மலைப்பகுதியிலேயே, ரஷ்யாவின் தெற்கில், இருக்கிறது. பக்கத்து இங்குஷ் மொழியிலும் 'மொத்த்'தான். பக்கத்துத் தாகெஸ்தானில் அவார் மக்கள் 'மத்ஸ்' என்கிறார்கள், லெஸ்கி மக்கள் நாக்கை 'மெஸ்' என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முதல் பொருள் வாய்க்குள் இருக்கிற நாக்கு. பேச்சு என்ற பொருள் அதிலிருந்து வந்தது. நம் 'மொழி'க்கோ நாக்கோடு சம்பந்தமே இல்லை. 'மொழிந்தான்' என்றால் சொன்னான். ஒரு 'மொ' ஒத்துப்போனதற்காக உறவு கொண்டாடும் கட்டுரைகளைப் பல வருடமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இனியும் அனுப்புவேன்.

உறவு இல்லை என்றதும் அந்தச் சொல்லைக் கீழே போட்டுவிடாதீர்கள். வேற்றுமை ஏற்கும்போது அது என்ன ஆகிறது என்று பாருங்கள். 'மொழியின்' என்பதற்கு மெத்தன். 'மொழிக்கு' என்பதற்கு மத்தனா. பன்மை மெத்தனஷ். உருபு கடைசியில் சேர, உள்ளே உயிரெழுத்தும் மாறிவிடுகிறது. நான்காம் வேற்றுமையில் எட்டிப்பார்க்கிற அந்த 'மத்'தை அவாரின் 'மத்ஸ்' பக்கத்தில் வையுங்கள், குடும்பச் சாயல் தெரியும்.

எழுவாய்க்கே அங்கே இரண்டு வடிவம். நாக்கு உலர்ந்தது என்றால் மொத்த். அதே நாக்கு எதையாவது சுவைத்தது என்றால், செயப்படுபொருள் வந்துவிட்டதால், மத்தோ. அப்புறம் வினை. வந்தான், வந்தாள், வந்தது என்று நாம் கடைசியில் காட்டுவதை அவர்கள் பல வினைகளில் முதல் எழுத்திலேயே காட்டிவிடுகிறார்கள். 'இருக்கிறது' என்பதற்கு ஆண் என்றால் 'வு', பெண் என்றால் 'யு', மொழி என்றால் 'பு'. பெயர்ச்சொற்களின் இந்தப் பிரிவுக்குத்தான் வகுப்பு என்று பெயர்.

தாய்மொழிக்கு 'நேனன் மொத்த்' என்று பெயர். நானா என்றால் அம்மா, நேனன் என்றால் அம்மாவின். 1944 பிப்ரவரி 23 அன்று ஸ்டாலின் அரசு செசன் மக்களை மொத்தமாக ரயிலேற்றிக் கஜகஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் அனுப்பியது. 1957இல்தான் ஊர் திரும்ப வழி பிறந்தது. இடையில் 13 வருடம் அந்த மொழிக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மெத்தன், மத்தனா எல்லாம் வீட்டுப் பேச்சிலேயே உயிரோடு இருந்தன.

செசன் அகராதியில் 'மொத்த்' போல ஒரு பெயர்ச்சொல்லை எடுத்தால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் மெத்தன், மத்தனா, மத்தோ, மத்தே என்ற இன்னொரு வேற்றுமை வடிவம், பன்மை, வகுப்பு எல்லாம் வரிசையாக இருக்கும். நம் பள்ளி அகராதியில் 'ஆறு' இருக்கிறது, 'ஆற்றை' இல்லை. 'மரம்' இருக்கிறது, 'மரத்தை' இல்லை. தமிழை வெளியிலிருந்து கற்க வருகிறவர் அந்த 'ற்ற'வையும் 'த்த'வையும் எங்கே போய்த் தேடுவார்? கரூர்க்காரரே, வேர்ச்சொல் தேடுகிற உங்கள் உழைப்பை இதில் போடுங்கள். நூறு சொல்லுக்கு எழுதி அனுப்பினால் இதே பக்கத்தில் போடுகிறேன்.