வெற்றுக் குழாயில் ஒரு பட்டை

அன்புள்ள ஐயா,

உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது மூன்றாம் ஆண்டு. ஒரு நொதியின் மரபணு வெவ்வேறு பாக்டீரியாக்களில் இருக்கிறதா என்று, டி.என்.ஏ. துண்டைப் பலமடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறை வழியாகப் பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. அந்த மரபணுவில் ஓர் எழுத்தை மாற்றி, பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் வைத்து, அந்தப் புரதத்தையும் தயாரித்து வருகிறேன். சில வாரங்களாக, டி.என்.ஏ. எதுவும் சேர்க்காமல் தண்ணீர் மட்டும் விட்ட நெகடிவ் கன்ட்ரோல் குழாயிலும், ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் அதே நீளத்தில் டி.என்.ஏ. பட்டை வருகிறது. ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர், “சுழற்சிகளைக் குறை, மறைந்துவிடும். இல்லையென்றால் ஜெல் படத்தில் அந்தக் குழாயின் வரிசையை வெட்டிவிடு, எல்லோரும் செய்வதுதான்” என்கிறார். வழிகாட்டி “மறுபடி செய்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நாள் முழுவதும் நிறமற்ற திரவத்தை ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு மாற்றுகிறேன். எல்லாமே கிட். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட புட்டிகள். நான் ஆராய்ச்சி செய்கிறேனா, அல்லது யாரோ எழுதிய குறிப்பைப் பின்பற்றுகிறேனா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஓர் ஆய்வு மாணவி

*

அன்புள்ள மாணவிக்கு,

அந்த வரிசையை வெட்டாதீர்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவின் டி.என்.ஏ. சேர்த்த குழாயில் பட்டை வந்தது, சேர்க்காத குழாயிலும் வந்தது என்றால், சேர்த்ததால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? வெட்டிய படத்தை நம்பி யாரோ ஒரு மாணவர் தன் ஆய்வைத் தொடங்குவார். அவருடைய உழைப்பும் சேர்ந்து வீணாகும். எல்லோரும் செய்கிறார்கள் என்பது உண்மையுமல்ல. சுழற்சிகளைக் குறைப்பது அதே அளவு குற்றம் இல்லைதான். ஆனால் அது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலை மட்டும் இறக்குகிற வைத்தியம். கலப்படம் இருந்த இடத்திலேயே இருக்கும், உங்கள் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

பி.சி.ஆரின் பலமும் ஆபத்தும் ஒரே கணக்கிலிருந்து வருகின்றன. சுழற்சிக்கு ஒருமுறை மூலக்கூறுகள் இரட்டிக்கின்றன. நடைமுறையில் முழுதாக இரட்டிப்பதில்லை. ஆனாலும் கணக்குப்படி 30 சுழற்சிகளில் ஒரே ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 107 கோடியாகிறது. ஜெல்லில் ஏற்றுவதற்காக அந்தக் குழாயின் மூடியைத் திறக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் எழுகின்றன. பைப்பெட்டின் தண்டில், கையுறையில், மேசையில் படிகின்றன. அதே பைப்பெட்டை எடுத்து நாளைய கலவையைத் தயாரித்தால் வெற்றுக் குழாயில் பட்டை வராமல் இருந்தால்தான் வியப்பு.

ஆய்வகங்களில் ஒரு பழக்கத்தைப் பரவலாகப் பார்க்கிறேன். சந்தேகம் வந்ததும் மேசையை 70% ஆல்கஹாலால் துடைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆல்கஹால் பாக்டீரியாவைக் கொல்லும், டி.என்.ஏ.யை அழிக்காது. டி.என்.ஏ.யைத் திரள வைத்துப் பிரித்தெடுக்க நாம் பயன்படுத்துவதே எத்தனால்தான்! அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்து எடுத்தாலும் சிறு துண்டுகள் தப்பிவிடும். டி.என்.ஏ.யைச் சிதைப்பது பிளீச்சிங் கரைசல், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். அதை நீர்த்துப் புதிதாகக் கலந்து துடையுங்கள், சில நிமிடம் விடுங்கள், பிறகு தண்ணீரால் துடைத்தெடுங்கள். இல்லையென்றால் பைப்பெட்டின் உலோகப் பகுதி அரித்துப்போகும்.

துடைப்பதற்கு முன்னால், வந்தது என்ன என்று கண்டுபிடியுங்கள். ஒரே ஒரு வெற்றுக் குழாய் வைப்பதை நிறுத்துங்கள், எட்டு வையுங்கள். எட்டிலும் பட்டை வந்தால் கலவையில் ஊற்றிய ஏதோ ஒன்றில் கலப்படம் நிறைய இருக்கிறது. ஒன்றிரண்டில் மட்டும் வந்தால் காற்றையும் கையையும் டிப்புகளையும் சந்தேகியுங்கள், அல்லது கலவையில் மிகக் குறைந்த அளவில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். சில மூலக்கூறுகளே இருக்கும்போது அவை சில குழாய்களில் விழும், சிலவற்றில் விழாது. ஒற்றை வெற்றுக் குழாய் ஒரு நாள் சுத்தமாக வந்தது தற்செயலாகவும் இருக்கலாம்.

அடுத்து, வெற்றுக் குழாயில் வந்த அந்தப் பட்டையையே ஜெல்லிலிருந்து வெட்டியெடுத்து வரிசைப்படுத்த, அதாவது அதன் எழுத்துகளை வரிசையாகப் படிக்க, கொடுங்கள். இதை ஏனோ பலரும் செய்வதில்லை. உங்களிடம் அருமையான ஓர் அடையாளம் இருக்கிறது: பிளாஸ்மிடில் உள்ள மரபணுவில் நீங்கள் ஓர் எழுத்தை மாற்றியிருக்கிறீர்கள். பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகளான பிரைமர்களுக்கு நடுவில் அந்த மாற்றம் இருந்து, அது பட்டையிலும் தெரிந்தால் கலப்படம் உங்கள் பிளாஸ்மிடிலிருந்து வந்தது. பிளாஸ்மிட் தயாரிக்கும் மேசையும் பி.சி.ஆர். கலவை தயாரிக்கும் மேசையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் மற்றப் பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. அல்லது முன்பு பெருக்கிய துண்டுகள். மூன்றாவதாக ஒரு வாய்ப்பும் உண்டு. பி.சி.ஆரில் டி.என்.ஏ.யை நகலெடுக்கும் நொதியான டாக் பாலிமரேஸைப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவில்தான் உற்பத்தி செய்கிறார்கள். அந்த நொதியோடு ஈ.கோலையின் டி.என்.ஏ. துணுக்குகளும் வந்துசேரும். பல பாக்டீரியாக்களுக்கும் பொதுவான பகுதியைக் குறிவைக்கும் பிரைமர்களை வைத்திருப்பவர்களுக்கு இது பழைய தலைவலி. உங்கள் பிரைமர்கள் அப்படிப்பட்டவையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் வழிகாட்டியின் “மறுபடி செய்” என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எதையும் மாற்றாமல் மறுபடி செய்தால் அதே பட்டைதான் மறுபடி வரும்.

இந்தப் பட்டையை உங்கள் ஆராய்ச்சிக்கு வந்த இடையூறாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் குழாயில் நான் சொல்கிற பொருள்தான் இருக்கிறதா, வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா? உயிர்வேதியியலின் மிகப் பெரிய விவாதங்கள் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தன.

1926-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் ஜாக் பீன் என்ற அவரை வகையின் மாவிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாக எடுத்தார். இளம் வயதில் ஒரு கையை இழந்தவர். 1917-இல் தொடங்கிய வேலை அது. அசிட்டோன் கலந்த சாற்றைக் குளிரில் வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது படிகங்கள் தெரிந்தன. அவை புரதம். நொதி என்பது புரதம் என்று அறிவித்தார். வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர் போன்ற பெரியவர்கள் ஏற்கவில்லை. புரதம் வெறும் சுமைதாங்கி, உண்மையான நொதி அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் வேறு ஏதோ நுண்பொருள் என்றார்கள். ஜான் நார்த்ராப் 1930-இல் பெப்சின் என்ற நொதியையும் படிகமாக்கி, வேலை மேலும் தொடர்ந்த பிறகே எதிர்ப்பு அடங்கியது.

1944-இல் ஆஸ்வால்ட் ஏவரி, காலின் மெக்லியோட், மேக்லின் மெக்கார்ட்டி மூவரும் நிமோனியா பாக்டீரியாவின் பரம்பரைப் பண்பை மாற்றும் பொருள் டி.என்.ஏ. என்று வெளியிட்டார்கள். இப்போது குற்றச்சாட்டு தலைகீழானது. டி.என்.ஏ.தான் சுமைதாங்கி, அதில் ஒளிந்திருக்கும் சிறிதளவு புரதமே உண்மையான ஆசாமி என்றார்கள்! அந்தக் கட்டுரையில் என்னைக் கவர்வது மூவரும் தங்களுக்கு எதிராகத் தாங்களே நடத்திய விசாரணை. புரதத்தை வெட்டும் டிரிப்சினையும் கைமோடிரிப்சினையும் சேர்த்தார்கள், அந்தப் பொருளின் ஆற்றல் குறையவில்லை. ஆர்.என்.ஏ.யை வெட்டும் நொதியைச் சேர்த்தார்கள், குறையவில்லை. டி.என்.ஏ.யைச் சிதைக்கக்கூடிய திசுச் சாறுகளைச் சேர்த்ததும் ஆற்றல் போய்விட்டது. தூய்மையான டி.என்.ஏ. வெட்டும் நொதி அப்போது கையில் இல்லை. மெக்கார்ட்டி அதை மாட்டின் கணையத்திலிருந்து சுத்திகரித்து 1946-இல் அந்த ஓட்டையையும் அடைத்தார்.

நான் மிகவும் மதிக்கும் சோதனை இன்னொன்று. 1961-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்ஷல் நிரன்பர்க்கும் ஹைன்ரிக் மத்தேயும் ஈ.கோலையை நசுக்கி எடுத்த சாற்றை வைத்துப் புரதம் தயாரித்தார்கள். செயற்கையாகச் செய்த, யு என்ற ஒரே எழுத்து மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ.யை ஊற்றினார்கள். ஃபீனைல் அலனின் என்ற ஒரே அமினோ அமிலம் கோத்த சங்கிலி வந்தது. மரபுக் குறியீட்டின் முதல் சொல் படிக்கப்பட்டது. பாடப்புத்தகங்கள் இத்தோடு விட்டுவிடுகின்றன. அதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். நசுக்கிய சாற்றில் பாக்டீரியாவின் சொந்தச் செய்திகள், அதாவது எந்தப் புரதம் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆர்.என்.ஏ.க்கள், ஏற்கெனவே நிறைந்திருந்தன. யாரும் எதையும் ஊற்றாமலே அது புரதம் செய்துகொண்டிருந்தது. அதாவது அவர்களுடைய வெற்றுக் குழாயிலும் பட்டை இருந்தது! டி.என்.ஏ.யை வெட்டும் நொதியைச் சேர்த்துப் புதிய செய்தி பிறக்காமல் தடுத்தார்கள். சாற்றைக் கொஞ்ச நேரம் சூட்டில் வைத்துப் பழைய செய்திகளைத் தீர்த்தார்கள். வெற்றுக் குழாய் அடங்கிய பிறகுதான் செயற்கை ஆர்.என்.ஏ. உள்ளே போனது. பிறகும் விடவில்லை. ஏ மட்டும் கொண்டதை ஊற்றினார்கள், சி மட்டும் கொண்டதை ஊற்றினார்கள், ஃபீனைல் அலனின் கோக்கப்படவில்லை. யு சங்கிலியோடு ஏ சங்கிலியைச் சேர்த்து இரண்டும் பின்னிக்கொள்ளச் செய்தார்கள், வேலை நின்றுபோனது. அந்த வெற்றுக் குழாயை அடக்காமல் விட்டிருந்தால் மரபுக் குறியீடு அன்று யாருக்கும் கேட்டிருக்காது. நீங்கள் இப்போது நிற்பது அதே படியில்.

கன்ட்ரோலை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர், வெவ்வேறு மனிதர்களிடமிருந்து எடுத்து ஆய்வகங்களில் தொடர்ந்து வளர்ப்பதாக நம்பப்பட்ட 18 செல் வரிசைகளை ஆராய்ந்தார். அத்தனையிலும் ஒரே நொதி வகை. ஹென்ரியெட்டா லாக்ஸின் உடலிலிருந்து 1951-இல் எடுத்த ஹீலா செல்கள் குடுவைக்குக் குடுவை பரவி மற்றவற்றை விழுங்கியிருந்தன. கல்லீரல் செல் என்றும் குடல் செல் என்றும் எழுதியவர்கள் உண்மையில் கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இனி கிட். கிட் பயன்படுத்துவதில் குறைவு ஒன்றுமில்லை. புட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பயன்படுத்துவதுதான் உங்களை வாட்டுகிறது என்று நினைக்கிறேன். பிளாஸ்மிட் எடுக்கும் கிட்டையே பாருங்கள். பிர்ன்பாயிமும் டோலியும் 1979-இல் வெளியிட்ட முறைதான் அதன் அடிப்படை. இரண்டாம் புட்டியில் சோடியம் ஹைட்ராக்சைடும் எஸ்.டி.எஸ். என்ற சவர்க்காரமும் இருக்கின்றன. பாக்டீரியாவின் உறை உடைந்து, கலங்கலாக இருந்த கரைசல் தெளிந்து, சளிபோல் இழுபடும். காரத்தில் டி.என்.ஏ.யின் இரு இழைகளும் பிரிகின்றன. பெரிய குரோமோசோமின் இழைகள் தனித்தனியே போய்விடும். சிறிய வளையமான பிளாஸ்மிடின் இழைகள் ஒன்றோடொன்று கோத்திருப்பதால் அவை விலகிப்போக முடியாது. மூன்றாம் புட்டி காரத்தை முறிக்கிறது. பிளாஸ்மிட் உடனே பழையபடி சேர்ந்துகொள்கிறது. குரோமோசோமுக்குத் துணை கிடைப்பதில்லை, தாறுமாறாகச் சிக்கிப் புரதத்தோடும் சவர்க்காரத்தோடும் வெண்மையாகத் திரண்டு நிற்கிறது.

“ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள்”, “வோர்டெக்ஸ் செய்யாதீர்கள், மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள்” என்று குறிப்பில் இருக்கும். அதிக நேரம் காரத்தில் விட்டால் பிளாஸ்மிடும் திரும்ப முடியாதபடி குலைந்துவிடும். வேகமாகக் குலுக்கினால் குரோமோசோம் துண்டு துண்டாகி, பிளாஸ்மிடோடு சேர்ந்து உங்கள் குழாய்க்கு வந்துவிடும். இந்தக் காரணங்கள் தெரிந்தவருக்கு அந்த மூன்று புட்டிகளும் ஒரு வாதத்தின் மூன்று படிகள். விளைச்சல் குறைந்த நாளில் எந்தப் படியைச் சந்தேகிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மற்றவர் புதிய கிட் வாங்கச் சொல்வார். உங்கள் பி.சி.ஆர். கிட்டையும் இப்படிப் பிரித்துப் படியுங்கள். மெக்னீசியம் எதற்கு, எவ்வளவு, கூடினால் என்ன ஆகும் என்று தொடங்கினால் ஒரு மாலைப்பொழுது போதும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். எல்லாக் கரைசல்களையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்வார்கள். அவசரத்துக்கு அது நல்ல வழிதான், ஜெல் சுத்தமாகும். ஆனால் எது கெட்டுப்போயிருந்தது என்று தெரியாமலே போய்விடும். உங்களிடம் இந்த மரபணுவை வைத்து எடுத்த பழைய முடிவுகள் இருக்கும். அவற்றில் எதை நம்புவது? ஆகவே பழைய பிரைமர், பழைய நீர், பழைய பஃபர், பழைய நொதி எல்லாவற்றையும் தனியாக எடுத்து வையுங்கள். முழுக்கப் புதிய கலவையில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு பழைய பொருளை மட்டும் உள்ளே விட்டுப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது பிரைமரை நீர்த்து வைத்திருக்கும் குழாய், ஏனென்றால் அதைத்தான் அடிக்கடி திறக்கிறோம். குற்றவாளி கிடைத்ததும் குறிப்பேட்டை எடுத்து அது எந்தத் தேதியில் திறக்கப்பட்டது என்று பாருங்கள். அதற்கு முன் சுத்தமான வெற்றுக் குழாய்களோடு எடுத்த முடிவுகளை இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின் எடுத்தவற்றை மீண்டும் செய்ய வேண்டும், வேறு வழியில்லை.

இந்தத் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதி, வெட்டாத ஜெல் படத்தோடு வழிகாட்டியிடம் கொடுங்கள். வரிசைப்படுத்தலுக்கான செலவுக்கு அவருடைய கையெழுத்து தேவைப்படும்.