வளைத்த ஜூனிபருக்குக் கொடுக்கிற காசு

கேள்வி: 'ஐந்து வயது ஜூனிபர் போன்சாய்' என்று போட்டிருந்ததைப் பார்த்து ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தபோது பச்சைப்பசேல் என்று இருந்தது. ஹாலில் டீப்பாய் மேல் வைத்துத் தவறாமல் தண்ணீர் விட்டேன். ஒன்றரை மாதத்தில் மரம் முழுக்கப் பழுத்துக் காய்ந்துவிட்டது. விற்றவர் 'வளர்க்கத் தெரியாமல் கொன்றுவிட்டீர்கள்' என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: ஜூனிபர், சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த பசுமை மாறா மரம். செத்ததை உடனே காட்டிக்கொள்ளாது. வேர் போன பிறகும் இலை சில வாரங்களுக்குப் பச்சையாகவே நிற்கும். அதனால் உங்களுக்கு வந்து சேர்ந்ததே செத்த மரமாக இருக்கலாம். இன்னொரு பக்கம், ஜூனிபர் வெயிலிலும் காற்றிலும் வளர வேண்டிய மரம். ஹாலுக்குள் வைத்தாலும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான் போகும். எப்போது செத்தது என்று நீங்களும் நிரூபிக்க முடியாது, அவரும் நிரூபிக்க முடியாது.

ஆகவே சண்டையை அங்கே போடாதீர்கள். விற்பனைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று பாருங்கள். 'மேசை அலங்காரத்துக்கு', 'வீட்டுக்குள் வளரும்' என்ற மாதிரி ஒரு வரி இருந்தால், அதை அவர்கள் மாற்றுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். வெளியில் வைக்க வேண்டிய செடியை உள்ளே வைக்கலாம் என்று சொல்லி விற்றது தவறான விவரம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. பக்கத்தில் அப்படி எந்த வரியும் இல்லை என்றால், வாய்ப்பு குறைவு என்றுதான் சொல்வேன்.

அடுத்த முறை நேரில் போய் வாங்குங்கள். கிளை நுனிகளைப் பாருங்கள்: உயிருள்ள மரத்தில் நுனி மட்டும் வெளிர்பச்சையாக, மற்றதைவிடத் துளிர்ப்பாக இருக்கும். மரம் முழுவதும் ஒரே மங்கிய சாம்பல் பச்சையாக இருந்தால் வேண்டாம். தண்டைப் பிடித்து மெல்ல அசையுங்கள், தொட்டிக்குள் ஆடக் கூடாது. மேல்மண்ணில் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் அந்தக் கடையை விட்டே வந்துவிடலாம். தண்ணீர் இறங்காது, வேரையும் பார்க்க முடியாது. வயதை நம்பி விலை கொடுக்காதீர்கள். ஐந்தா, இரண்டா என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். அடித்தண்டின் பருமனும், அது மேலே போகப் போகச் சிறுப்பதும் கண்ணுக்குத் தெரியும், அதற்குக் கொடுங்கள். 'ஷிம்பாக்கு' என்ற ஜப்பானிய ஜூனிபர் ரகம் என்று கூடுதல் விலை சொன்னால் இலையைத் தடவிப் பாருங்கள். அதன் முதிர்ந்த இலை செதில் செதிலாகத் தண்டோடு ஒட்டியிருக்கும், கையில் குத்தாது.

கேள்வி: நர்சரியில் 350 ரூபாய்க்கு ஒரு ஜூனிபர் வாங்கி வைத்திருக்கிறேன். தண்டு என் சுண்டுவிரல் பருமன். கம்பி சுற்றி வளைத்துப் பார்க்க ஆசை. போன்சாய்க்கென்று விற்கிற அலுமினியக் கம்பி விலை அதிகமாகத் தெரிகிறது. ஹார்டுவேர் கடைக் கட்டுக்கம்பி போதாதா?
– வாசகி, குன்னூர்

பதில்: மரத்தில் மிச்சம் பிடித்தீர்கள், சரி. கம்பியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கட்டுக்கம்பி துருப்பிடிக்கும், விறைப்பானது, பட்டையை அறுத்துவிடும். பழகுகிறவருக்கு அலுமினியம்தான் சரி. செம்பு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் தணலில் காய்ச்சி இளக்கிய செம்பாக இருக்க வேண்டும். தவறாகச் சுற்றிவிட்டால் திருத்துவதும் கஷ்டம்.

கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கம்பி என்பது பொதுக் கணக்கு. உங்கள் தண்டுக்கு 4 மி.மீ., கிளைகளுக்கு 2, நுனிகளுக்கு 1 மி.மீ. இருந்தால் ஆரம்பிக்கலாம். 4 போதாது என்று தோன்றினால் பக்கத்திலேயே இன்னொரு கம்பியை ஒட்டிச் சுற்றுங்கள்.

முந்தின நாள் தண்ணீரைச் சற்றுக் குறைத்தால் தண்டு கொஞ்சம் இளகிக் கொடுக்கும். கம்பியின் முனையை மண்ணில் ஆழமாக ஊன்றி, 45 பாகைச் சாய்வில் மேல்நோக்கிச் சுற்றுங்கள். எந்த இடத்தில் வளைக்கப் போகிறீர்களோ, அங்கே வளைவின் வெளிப்புறத்தில் கம்பி வந்து உட்கார வேண்டும். பட்டை பிளப்பது வெளிப்புறத்தில்தான், அங்கே கம்பி தாங்கினால் பிளக்காது. இரண்டு கட்டைவிரலையும் உட்புறம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். மெல்லிய நெறுநெறு சத்தம் கேட்டால் அத்தோடு நிறுத்துங்கள். லேசான பிளவு ஆறிவிடும், மரக்காயத்துக்குப் பூசும் பசை மருந்தைத் தடவி அப்படியே விட்டுவிடலாம். கடுமையாக வளைப்பதென்றால் ஜப்பானியர்கள் நனைத்த ராஃபியா நாரை முதலில் சுற்றிக்கொள்வார்கள். பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றினாலும் வேலை நடக்கும், செலவும் இல்லை.

ஜூனிபர் பிடிவாதமானது. வளைத்த வடிவத்தில் நிலைக்க ஒரு வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதற்குள் கம்பி பட்டையில் பதியத் தொடங்கினால் எடுத்துவிட்டு மறுபடி சுற்ற வேண்டியதுதான். எடுக்கும்போது பிரித்துச் சுழற்றாமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். கம்பி வீணாகிறதே என்று பார்த்தால் கிளை போய்விடும்.

வளைக்கிற பருவத்திலேயே தொட்டி மாற்ற வேண்டாம். இலையையும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிக்காதீர்கள். ஜூனிபரின் பலம் இலையில்தான் இருக்கிறது. இலை இல்லாமல் மொட்டையாக்கிய கிளை பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. வளைத்த மரத்தைச் சில வாரம் அரைநிழலில், உறைபனி படாமல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் அது முக்கியம்.

கேள்வி: கண்காட்சியில் வளைத்து முடித்த ஜூனிபர் ஒன்றை 18,000 ரூபாய் சொல்கிறார்கள். சென்னையில் மொட்டை மாடியில் வைக்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: விலை நியாயமாகவே இருக்கலாம். அதில் ஒருவரின் பல வருட வேலை இருக்கிறது. ஆனால் சென்னைக்கு நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ஜூனிபர் குளிர்ப் பிரதேசத்து மரம், குளிர்காலத்தில் ஓய்வு எடுக்க வேண்டும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் இரவிலும் அதற்கு ஆசுவாசம் இல்லை. நிழல்வலை போட்டுச் சிலர் வைத்திருக்கிறார்கள், மரம் இருக்கிறது என்பதோடு சரி. அந்தத் தோற்றம்தான் வேண்டும் என்றால் சவுக்கை வளையுங்கள். ஊசி போன்ற தழை, இளசில் நன்றாக வளையும், உப்புக் காற்றும் பழக்கம். வெளிநாடுகளிலும் சவுக்கில் போன்சாய் செய்கிறார்கள்.

கேள்வி: 199 ரூபாய்க்கு 'ஜூனிபர் போன்சாய் விதை' வருகிறது. கூடவே 12 கருவிகள் உள்ள பெட்டியும் சலுகை விலையில் காட்டுகிறது. வாங்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: இரண்டும் வேண்டாம். போன்சாய் விதை என்று தனியாக ஒன்று கிடையாது. ஜூனிபர் விதை நெடுநாள் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும், அதுவும் நிச்சயமில்லை. நல்ல ரகங்களைத் தண்டு வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறார்கள். கருவிப் பெட்டியில் பாதி உறையை விட்டு வெளியே வராது. கூரான கத்தரிக்கோல் ஒன்று, கம்பி வெட்டும் குறடு ஒன்று போதும். கிளையை அடியோடு குழியாக வெட்டும் குறடு, மரம் பெருத்த பிறகு தனியாக, நல்லதாக வாங்கிக்கொள்ளலாம்.