ரெஸ்டாரண்ட் பத்தின மேகசின் கட்டுரைல ஃபேஷன் ஆளுங்களுக்கு என்ன வேலை?

கேள்வி இதான்: வெளிநாட்டு மேகசின்கள்ல செல்வாக்கான ரெஸ்டாரண்டுகள்னு கட்டுரை வந்தா பாதி இடத்துல ஃபேஷன் டிசைனர், மாடல், எடிட்டர் பேராவே இருக்கே, சமையலுக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம், எல்லாம் காசு வாங்கிட்டு எழுதறதான்னு கேட்டிருக்கீங்க.

காசு விஷயத்துக்கு கடைசியா வரேன். பழைய மேகசின் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிற பைத்தியம் எனக்கு ரொம்ப நாளா இருக்கு, அதுல எனக்குப் புரிஞ்சது என்னன்னா ரெஸ்டாரண்டை இப்படி எழுதற வழக்கத்தை நல்லா சூடு பிடிக்க வெச்சதே ஒரு ஜவுளி வியாபாரப் பேப்பர்தான். நியூயார்க்ல 1910ல ஆரம்பிச்ச விமென்ஸ் வேர் டெய்லி. துணி வியாபாரிங்களும் கடைக்காரங்களும் புரட்டிப் பாத்துட்டுப் போற தொழில் பேப்பர், அவ்ளோதான். 1960ல ஜான் ஃபேர்சைல்டுன்னு ஓனர் வீட்டுப் பையன் பாரிஸ்ல இருந்து திரும்பி வந்து பொறுப்ப எடுத்துக்கிட்டார். மனுஷன் மதியச் சாப்பாட்டு நேரத்துல லா கோட் பாஸ்க், லா க்ரெனூய் மாதிரி பிரெஞ்சு ரெஸ்டாரண்ட் வாசல்ல கேமராவோட ஆளை நிறுத்திட்டார். ஜாக்கி கென்னடி, பேப் பேலி மாதிரி பெரிய வீட்டுப் பொம்பளைங்க உள்ள போறப்ப, வெளிய வர்றப்ப க்ளிக். என்ன டிரஸ், யாரு தைச்சது, கை உறை போட்டிருக்காங்களா இல்லையா, இதான் செய்தி. உள்ள மீன் வெந்துச்சா வேகலையான்னு ஒருத்தரும் கேக்கல.

இது ரெண்டு பக்கமும் வேலை செஞ்சுது பாருங்க. படத்துல வரணும்னே அங்க சாப்பிட வந்தாங்க, இவங்க வராங்கன்னே மத்தவங்க டேபிளுக்கு அலைஞ்சாங்க. லா க்ரெனூய் 1962 டிசம்பர்ல திறந்த கடை, 2024 வரைக்கும் ஓடுச்சு, அதுக்கு சாப்பாட்டுக்கு சமமா பேர் வாங்கிக் குடுத்தது உள்ள வெச்சிருந்த பெரிய பெரிய பூங்கொத்துங்கதான்.

நம்ம கல்யாணப் பந்தியில மாப்பிள்ளை வீட்டு சித்தப்பாவை எந்த வரிசையில உக்கார வெச்சாங்கன்னு ஆறு மாசம் பேசுவாங்களே, அதே சமாச்சாரம்தான், ஆனா அவங்க அதை அச்சுல போட்டு விலைக்கு வித்தாங்க.

இது ஆம்பளைங்க பக்கம் வந்தது 1979ல. எஸ்கொயர் மேகசின் அக்டோபர் இதழ்ல லீ ஐசன்பெர்க், ஃபோர் சீசன்ஸ் ரெஸ்டாரண்டோட க்ரில் ரூம் பத்தி எழுதினார். இது ஹோட்டல் செயின் இல்ல, நியூயார்க் சீக்ராம் பில்டிங்ல 1959ல திறந்த தனி ரெஸ்டாரண்ட், உள் அலங்காரம் ஆர்க்கிடெக்ட் ஃபிலிப் ஜான்சன். ஜன்னல்ல துணி திரைக்குப் பதிலா மெல்லிசு அலுமினியச் சங்கிலி தொங்கும், கீழ இருந்து வர்ற ஏசி காத்துல அது நாள் பூரா அலை அலையா ஆடிட்டே இருக்கும். இந்தச் சங்கிலிக்குக் கீழ பதிப்பக முதலாளிங்க, எடிட்டருங்க, பெரிய ஆர்க்கிடெக்டுங்க ஆளுக்கொரு டேபிள்னு தினமும் வந்து உக்காருவாங்க, ஃபிலிப் ஜான்சனே ஒரு மூலைல. பெரிய ஆளுங்க மதியச் சாப்பாட்டோட தொழில் பேசறதை பவர் லன்ச்னு இப்ப எல்லாரும் சொல்றாங்களே, அந்தப் பேரு ஊர் பூரா பரவினது இந்தக் கட்டுரையாலதான். வோக்ங்கற ஃபேஷன் மேகசினை வெச்சிருக்கற கான்டே நாஸ்ட் கம்பெனிக்கு அப்ப முதலாளியா இருந்த சை நியூஹவுஸும் அங்க ரெகுலர். அதாவது எழுதற கூட்டமும் எழுதப்படற கூட்டமும் ஒரே ரூம்ல. இதை ஊழல்னு சொல்ல மாட்டேன், ஆனா தினம் சாப்பிடற இடம் உலகத்துலயே முக்கியமான இடமாத்தான் தெரியும், மனுஷ சுபாவம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச கேஸ் மிஸ்டர் சௌ. மைக்கேல் சௌ 1968ல லண்டன் நைட்ஸ்பிரிட்ஜ்ல ஆரம்பிச்ச சைனீஸ் ரெஸ்டாரண்ட், பரிமாறினது இத்தாலிக்கார வெயிட்டருங்க. அந்தக் காலத்துல அங்க சைனீஸ்னா மலிவான சாப்பாடுன்னு ஒரு நினைப்பு, அதை உடைக்கணும்னே இவர் செட்டப்பை மாத்தினார், நூடுல்ஸ் மாவைக் கையால இழுத்து இழுத்து டைனிங் ஹால்லயே ஷோ காட்டினாங்க, சுவர்ல மாட்டற படத்துக்கு ஓவியருங்களுக்குக் காசுக்குப் பதிலா சாப்பாடு. அவர் கல்யாணம் பண்ணிக்கிட்டது கிரேஸ் காடிங்டனை, மாடலா இருந்து பிரிட்டிஷ் வோக்ல எடிட்டரா சேர்ந்தவங்க, பின்னாடி அமெரிக்கன் வோக்ல கிரியேட்டிவ் டைரக்டர் ஆனாங்க. அந்தக் கல்யாணம் ரொம்ப நாள் நிக்கல. அடுத்த மனைவி டினா சௌவும் மாடல்தான், அவங்க ஸ்டைலைப் பத்தி இன்னிக்கும் எழுதிட்டு இருக்காங்க. வீட்டுக்குள்ளயே ஃபேஷன் இருக்கறப்ப ரெஸ்டாரண்ட் பத்தி வர்ற கட்டுரைல ஃபேஷன் வராம எங்க போகும்.

சரி, சாப்பாட்டை வெச்சே செல்வாக்கு பாக்கற கட்டுரை இல்லவே இல்லையா? இருக்கு. 2002ல ரெஸ்டாரண்ட்ங்கற பேர்லயே வர்ற பிரிட்டிஷ் தொழில் மேகசின் உலகத்தோட டாப் 50 லிஸ்ட் போட்டாங்க, முதல் இடம் ஸ்பெயின்ல எல் புல்லி. ஆனா இங்கயும் ஒரு வேடிக்கை, சமையல்காரர் ஃபெரான் அட்ரியா கடை நடத்தின முறையே ஃபேஷன் ஹவுஸ் மாதிரிதான். வருஷத்துல பாதி நாள் கடை மூடல், அந்த நேரத்துல பார்சிலோனால ஒரு வொர்க்‌ஷாப்ல உக்காந்து அடுத்த சீசன் ஐட்டங்களைக் கண்டுபிடிக்கறது, ஒவ்வொண்ணுக்கும் நம்பர், வருஷம் போட்டு கேட்டலாக்ல ஏத்தறது. மொத்தம் 1846 டிஷ். ஒண்ணு மட்டும் சொல்றேன்: ஆலிவ் காயைப் பிழிஞ்சு சாறெடுத்து, கால்சியம் கலந்து, ஆல்ஜினேட்ங்கற கடற்பாசிப் பொடி கரைச்ச தண்ணில ஒரு ஸ்பூன் விடுவாங்க, மேல மட்டும் மெல்லிசு தோல் கட்டிக்கும். பாக்க முழு ஆலிவ் மாதிரியே ஸ்பூன்ல உக்காந்திருக்கும், வாய்ல போட்டதும் உடைஞ்சு சாறா ஓடிடும். நான் சாப்பிட்டதில்ல, 2011லயே கடையை மூடிட்டாங்க. ஆனா இந்தச் சமாச்சாரம் அதுக்கப்புறம் எத்தனை ஊர் ஸ்டார் ஹோட்டல்ல வந்துச்சு பாருங்க, மேடைல வந்த டிசைன் அடுத்த வருஷம் கடைத்தெருவுக்கு வர்ற மாதிரியே. இதைத்தான் நான் செல்வாக்குன்னு ஒத்துக்குவேன்.

லிஸ்ட் போடறவங்க கண்ணுக்குத் தெரியாதவங்களும் இருக்காங்க. 2013 நவம்பர்ல டைம் மேகசின் உணவுக் கடவுள்கள்னு அட்டையில மூணு ஆம்பளை செஃபுங்களைப் போட்டு, உள்ள யார் யாரை உருவாக்கினாங்கன்னு ஒரு வம்ச மரம் மாதிரி போட்டாங்க, அதுல பெண் செஃப் ஒருத்தர் கூட இல்ல, செம திட்டு வாங்கினாங்க. பக்கத்துத் தோட்டத்துல இன்னிக்குப் பறிச்சதை இன்னிக்கே சமைக்கறதுன்னு 1971லயே கலிஃபோர்னியால ஷே பனீஸ் ரெஸ்டாரண்டை ஆரம்பிச்சு அமெரிக்கச் சமையலையே திருப்பிப் போட்டவங்க ஆலிஸ் வாட்டர்ஸ், அவங்க பேர் கூட அந்த மரத்துல இல்ல.

இப்ப காசு. கவர் குடுத்து எழுத வைக்கறாங்கன்னு எல்லாரையும் சொல்லிட முடியாது, இப்ப அதுக்கு அவசியமும் இல்ல. ஃபேஷன் ஆளுங்களே ரெஸ்டாரண்டை வாங்கிட்டாங்க. பாரிஸ்ல மாக்ஸிம்ஸ் ரெஸ்டாரண்டை 1981ல டிசைனர் பியர் கார்டின் வாங்கினார். மிலான்ல 1817ல இருந்து இருக்கற கோவா காஃபி கடையை 2013ல லூயி விட்டான் பிராண்டை வெச்சிருக்கற எல்விஎம்ஹெச் கம்பெனி எடுத்துக்கிச்சு, அடுத்த வருஷமே மார்க்கேசி பேஸ்ட்ரி கடையை பிராடா எடுத்துச்சு. குச்சி, இத்தாலி செஃப் மாஸிமோ பொட்டூராவைக் கூட்டிட்டு வந்து 2018ல ஃப்ளாரன்ஸ்ல ரெஸ்டாரண்டே திறந்து அடுத்த வருஷம் மிஷெலின் ஸ்டாரும் வாங்கியாச்சு. மேகசின்ல முழுப்பக்க விளம்பரம் குடுக்கற ஆளே ரெஸ்டாரண்ட் முதலாளியாவும் இருந்தா, ரிவ்யூ எழுதறவருக்குப் பேனா எப்படி ஓடும்னு நீங்களே நினைச்சுக்கோங்க. நான் இப்பல்லாம் இந்த மாதிரி கட்டுரை எடுத்தா முதல்ல தேடறது ஒண்ணுதான், உப்பு, புளிப்பு, சூடு பத்தி ஒரு வரியாவது இருக்கா. நாற்காலித் துணியோட கலர் வந்து சாம்பாருக்கு ஈடா எதுவுமே வரலைன்னா மூடி வெச்சிடுவேன்.

படிக்கணும்னா 2003 ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ் மேகசின்ல ஆர்தர் லுபோ அட்ரியா பத்தி எழுதின கவர் ஸ்டோரில ஆரம்பிங்க. சமையல்ல பிரான்ஸ் காலம் முடிஞ்சு ஸ்பெயின் முந்திடுச்சுன்னு தைரியமா அடிச்சு விட்டிருப்பார், ஆனா எடுத்த உடனே தட்டுல என்ன இருக்குன்னு பாக்கற ஆளு. அதைப் படிச்சிட்டு எஸ்கொயர் 1979க்குப் போங்க.