பக்கத்து நாட்டுத் தூதராக ஆசைப்படும் மகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

“மகள் கோலாலம்பூரில் தூதராக வேண்டும் என்கிறாள். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊருக்குப் போகவா இவ்வளவு படிப்பு?” என்று கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரின் வெளியுறவுப் பணியில் மிகக் கனமான பொறுப்புகளில் ஒன்றின் மீதுதான் அவள் கண் வைத்திருக்கிறாள். காமன்வெல்த் நாடுகளுக்கிடையே அந்தப் பதவிக்கு ஹை கமிஷனர் என்று பெயர். வேலை தூதர் வேலையேதான்.

தூரத்து நாட்டோடு பிணக்கு வந்தால் சில மாதம் பேசாமல் இருந்துவிடலாம். மலேசியாவோடு அது நடக்காது. தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். விலை ஆயிரம் கேலனுக்கு 3 மலேசிய சென். ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கும். விலையைப் பற்றிய வாதமோ ஓய்ந்தபாடில்லை. முடிவெடுப்பது அமைச்சரவைதான். ஆனால் மலேசியாவில் எழும் குரல்களில் எது தேர்தல் மேடைக்கானது, எது உண்மையான மனக்குறை என்று பிரித்தறிந்து சிங்கப்பூருக்கு எழுதி அனுப்புபவர் தூதர். அதில் தவறினால் இரண்டு பக்கமும் வீம்பு வளரும்.

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அனுப்பும் கண்டனக் கடிதம்கூட, “தங்கள் அமைச்சுக்கு இத்தூதரகம் தன் மரியாதையைத் தெரிவித்துக்கொள்கிறது” என்ற பாணியில்தான் தொடங்கும், முடிவதும் மரியாதையோடுதான். நடுவில் உள்ள பத்தியில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் பொருள் மாறிவிடும். கோபத்தை அடக்கி எழுதத் தெரிந்த பிள்ளைக்கே இந்த வேலை.

நம் தமிழர்களுக்கு இது கிடைக்குமா என்ற கவலையும் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. தமிழரான எஸ்.ஆர். நாதனைப் பாருங்கள். சிறுவயதில் ஜொகூரின் மூவாரில் வளர்ந்தவர். மருத்துவமனையில் சமூகப் பணியாளராக அரசுப் பணியைத் தொடங்கியவர். 1986இல் இஸ்ரேல் அதிபர் ஹெர்சோக் சிங்கப்பூருக்கு வந்தபோது இஸ்ரேலை அங்கீகரிக்காத மலேசியா கொதித்தெழுந்து, தன் ஹை கமிஷனரையே திரும்ப அழைத்துக்கொண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1988இல், நாதன் கோலாலம்பூருக்கு ஹை கமிஷனராகப் போனார். பிறகு வாஷிங்டனில் தூதர். 1999இல் நாட்டின் அதிபர். ஆகவே அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

படிப்பு விஷயத்தில் சட்டமா, பொருளியலா, வரலாறா என்று அதிகம் குழம்ப வேண்டாம். எதில் அவள் ஆழமாகப் படிப்பாளோ அதை எடுக்கட்டும். நான் வற்புறுத்துவது மலாய்மொழியை. கடையில் பேரம் பேசும் மலாய் போதாது; மலேசிய நாடாளுமன்ற உரையைக் கேட்டு, அதில் சொல்லாமல் விட்டதையும் புரிந்துகொள்ளும் அளவுக்கு வேண்டும். தமிழ் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளையும் படித்துவரச் சொல்லுங்கள்.

தூதர் பதவி பட்டம் வாங்கியதும் கிடைப்பதில்லை. இளநிலை அதிகாரியாக வெளியுறவு அமைச்சில் சேர்ந்து, பல நாடுகளில் பணியாற்றி, அநேகமாக நடுவயதில்தான் வாய்க்கும், வாய்க்காமலும் போகலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு மாற வேண்டும். வாழ்க்கைத் துணையின் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் கூடவே இடம்பெயரும். அரசாங்க உபகாரச் சம்பளம் வாங்கினால், படிப்பு முடிந்து சில ஆண்டுகள் கட்டாயமாகப் பணியாற்ற வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அந்த நிபந்தனைகளை நீங்களும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து வரிக்கு வரி படித்துவிடுங்கள்; ஐயம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.