நாற்காலியை மாற்றினால் முதுகுவலி போய்விடுமா?

கேள்வி: என் வயது 38. நாள்தோறும் ஒன்பது மணி நேரம் கணினியின் முன் அமர்ந்து கணக்கு வேலை பார்க்கிறேன். மாலையில் எழும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடிவதில்லை. புதிய நாற்காலி வாங்கி, நிமிர்ந்து உட்காரப் பழகியும் பெரிய மாற்றமில்லை. காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன், அது போதாதா? இடுப்புப் பட்டை அணியலாமா?

பதில்: உங்கள் நாற்காலியிலும் குறை இருக்காது, நீங்கள் நிமிர்ந்து உட்காருவதிலும் குறை இருக்காது. ஒரே நிலையில் அசையாமல் இருப்பதே பெரும்பாலும் சிக்கலுக்குக் காரணம். முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்துள்ள டிஸ்குகளுக்கு, வளர்ந்தவர்களிடம் நேரடியான இரத்த ஓட்டம் அநேகமாகக் கிடையாது. அருகிலுள்ள எலும்பிலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தையே அவை நம்பியிருக்கின்றன. நாம் அசையும்போது அவற்றின்மேல் அழுத்தம் கூடிக் குறைவது நீர்மம் உள்ளே போய் வருவதற்கு உதவுகிறது. மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் நின்றுபோவதோடு, முதுகைத் தாங்கும் தசைகளும் ஓய்வின்றி இறுகிக் களைத்துவிடுகின்றன. விறைப்பாக நிமிர்ந்தே இருப்பதும் ஒருவகை அசையாமைதான். சற்றுச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, காலை நீட்டி மடக்கி, அடிக்கடி நிலையை மாற்றுவதே நல்லது.

உங்கள் காலை நடையை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். 1953-இல் ஜெரி மோரிஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், லண்டன் பேருந்துகளில் நாளெல்லாம் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது தெரியவந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வும், நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் மிதமான உடலுழைப்பு இருந்தால், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் மரண ஆபத்து பெருமளவு ஈடாகிறது என்றே காட்டியது. எனவே உங்கள் இதயத்துக்கு அந்த நடை பெரிய காவல். ஆனால் காலை ஆறு மணிக்கு நடந்த நடை, பிற்பகல் மூன்று மணிக்கு இறுகும் இடுப்பைத் தளர்த்தாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடமாவது நடங்கள். தொலைபேசி வந்தால் நின்றபடி பேசுங்கள். சாப்பிட்டதும் சிறிது நேரம் நடப்பது, இரத்தச் சர்க்கரை வேகமாக ஏறாமல் தடுக்கவும் உதவும்.

இருக்கையைப் பொறுத்தவரை, பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். கீழ்முதுகுக்குத் தாங்கல் வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினி என்றால் அதை உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகை பயன்படுத்துங்கள். நெடுநேரம் குனிந்து உட்கார்ந்த பிறகு, எழுந்த உடனே கனமான பொருளைத் தூக்க வேண்டாம். நீண்டு தளர்ந்த தசைநார்கள் பழைய நிலைக்குத் திரும்பச் சில நிமிடங்கள் ஆகும்.

பட்டை அணிவது முதுகுவலி வராமல் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. அதற்குச் செலவிடும் அக்கறையை வயிறு, முதுகு, பிட்டத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிகளில் காட்டுங்கள். வலி திரும்ப வராமல் தடுப்பதில் உடற்பயிற்சிக்கு நல்ல பலன் உண்டு. ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொண்டு தொடங்குவது நல்லது.

கேள்வி: முதுகுவலி வந்தால் சில நாள் படுத்தே ஓய்வெடுக்கச் சொல்கிறார்களே, சரியா?

பதில்: முன்பு அப்படித்தான் சொல்லப்பட்டது. இன்று, வலி தாங்கும் அளவுக்கு இயல்பான வேலைகளைத் தொடருங்கள் என்பதே மருத்துவ அறிவுரை. சாதாரண முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆனால் சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனால், காலில் வலுவிழப்பு கூடிக்கொண்டே வந்தால், ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது ஆகியவற்றில் எது வலியோடு சேர்ந்திருந்தாலும் விரைவாக மருத்துவரைப் பாருங்கள்.